கைவிடும் நிலையில் உள்ள மென்பொருள் லைப்ரரிக்கு ஆள் தேடுகிறேன், பெங்களூரில் யாராவது இருக்கிறீர்களா?

அல்சூர்வாசி · வெள்ளி, இரவு 11.52

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா எழுதணும்னு தள்ளிப்போட்டது. இன்னிக்கு மாரத்தஹள்ளி பாலத்துக்கிட்ட கேப் ஒன்றரை மணி நேரம் நகரல, போன்லயே எழுதிட்டேன். பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

ஒன்பது வருஷமா ஒரு பைத்தான் லைப்ரரியை, அதாவது மத்தவங்க தங்களோட ப்ரோக்ராம்ல எடுத்துப் போட்டுக்கற ரெடிமேட் கோடை, நான் ஒருத்தனாவே பார்த்துட்டு வரேன். பேர் வேண்டாம், இங்க பாதிப் பேருக்குத் தெரியும். பழைய தமிழ் எழுத்துருவில அடிச்ச மேட்டரை யூனிகோடுக்கு மாத்தறது அதோட வேலை. பாமினி, திஸ்கி, டாப், டாம்னு அந்தக் காலத்து எழுத்து முறைகள் எல்லாம். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: பாமினியில ‘அம்மா’ன்னு அடிச்ச ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்னு ஆங்கிலக் குப்பையாத் தெரியும். ஃபைலுக்குள்ள நிஜமா இருக்கறதும் அந்தக் குப்பைதான், தமிழ் மேல போர்த்தின போர்வை. புத்தகம், விழா மலர், கல்யாணப் பத்திரிகை, சங்கத்து ஆண்டறிக்கைன்னு எத்தனையோ இப்படித்தான் சிடியில கிடக்கு. தமிழ்நாடு அரசு 2010-லயே யூனிகோடை ஏத்துக்கிச்சு. அதுக்காக சிடி தானா மாறிடுமா?

இப்ப நிலைமை இது. கோடு இருக்கற கிட்ஹப் தளத்துல 47 இஷ்யூ (பிழைப் புகார்) திறந்து கிடக்கு. கடைசி ரிலீஸ் போட்டு ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு. பைத்தான் 3.12-ல, இன்ஸ்டால் பண்ண உதவற டிஸ்ட்யூட்டில்ஸ்ங்கற பகுதியைத் தூக்கினாங்க இல்ல, நம்ம செட்டப் ஃபைல் அதை நம்பித்தான் இருந்தது. அதனால புது பைத்தான்ல யாரும் இன்ஸ்டாலே பண்ண முடியாது. யாரோ ஒரு புண்ணியவான் அதைச் சரிபண்ணி, ‘இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்குங்க’ன்னு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார், அதையும் நான் இன்னும் பார்க்கல. ரீட்மீயில, அதாவது லைப்ரரியோட அறிமுகப் பக்கத்துல, ‘மெயின்டெய்னர் (பராமரிப்பாளர்) தேவை’ன்னு ஒரு வரி போட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. வந்தது மூணு மெயில். ஒருத்தர் இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட் தருவீங்களான்னு கேட்டார். இன்னொருத்தர் ரீட்மீயில அவங்க சைட்டுக்கு லிங்க் போட்டா பணம் தரேன்னார். மூணாவது ஆள் ஏஐ எழுதின ரெண்டு பக்கக் கடிதம் அனுப்பினார், அதுல நம்ம லைப்ரரி பேரே தப்பு.

கிட்ஹப்ல ஆர்கைவ் பட்டனை அழுத்தி மூடிட்டுப் போயிடலாமா, இல்ல ஆள் கிடைக்க வேற வழி இருக்கா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சில்க்போர்டு_சிக்னல் · சனி, 12.10

பஸ் ஃபேக்டர் ஒண்ணு, அதாவது எத்தனை பேரை பஸ் இடிச்சா ப்ராஜெக்ட் நிக்கும்ங்கற கணக்கு. அதுவும் டிராஃபிக்ல ஊர்ற 500டி பஸ். அது வந்து இடிக்கறதுக்குள்ள நீங்க ரிட்டயர்டே ஆயிடுவீங்க, தைரியமா இருங்க.

டெபியன்_தாத்தா · சனி, காலை 5.30

தம்பி, உங்கள் ரீட்மீ வரியில்தான் கோளாறு. ‘ஆள் தேவை’ என்று எழுதினால் படிப்பவன் என்ன நினைப்பான்? வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார், மாடி போர்ஷன்தான் காலி என்று நினைப்பான். வேறு யாராவது போவார்கள் என்று விட்டுவிடுவான். பாதி உயிரோடு இருக்கும் பராமரிப்பாளர்தான் ஒரு மென்பொருளுக்குப் பெரிய இடைஞ்சல். அவர் செய்யவும் மாட்டார், அவர் இருக்கிறாரே என்று அடுத்தவனும் தொட மாட்டான்.

டெபியனில், அதாவது தன்னார்வலர்கள் நடத்தும் லினக்ஸ் தொகுப்பில், இதற்கென்றே தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறோம். உதவிக்கு ஆள் வேண்டும் என்றால் ஆர்எஃப்ஹெச். நான் விடப்போகிறேன், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், அதுவரை பார்த்துக்கொள்கிறேன் என்றால் ஆர்எஃப்ஏ. விட்டேவிட்டேன் என்றால் வெறும் ‘ஓ’, ஆர்ஃபன். அந்த ‘ஓ’ விழுந்த நிமிஷத்திலிருந்து பராமரிப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் போய் க்யூஏ (தரக்கட்டுப்பாடு) குழுவின் பெயர் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் திருத்தம் ஏற்றலாம். எடுத்துக்கொள்கிறேன் என்பவர் ஐடிஏ என்று எழுதிப் போடுவார். எல்லாம் ஒரே பக் டிராக்கரில், எல்லோர் கண்ணிலும் படும்படி நடக்கும்.

விட்டேன் என்று சொல்லக்கூட வாய் வராதவர்களுக்கும் வழி உண்டு. சால்வேஜ் என்று ஒரு முறை. நான் காப்பாற்றப்போகிறேன் என்று அறிவித்துவிட்டு 21 நாள் காத்திருக்க வேண்டும். பழையவர் வாய் திறக்காவிட்டால் புதியவர் எடுத்துக்கொள்ளலாம். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் தொகுப்பில் இன்னும் கறார், ஆறு வாரம் அநாதையாகக் கிடந்தால் பேக்கேஜையே நீக்கிவிடுவார்கள். பெர்ல் மொழிக்காரர்கள் தங்கள் மாட்யூல்கள் இருக்கும் சிபான் தளத்தில் ‘அடாப்ட்மீ’ என்று ஆளில்லாத ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள், கைவிட நினைப்பவர் தன் மாட்யூலுக்கு அதைக் கூட்டாளியாகச் சேர்த்துவிட்டால் போதும். லினக்ஸ் கெர்னலின் மெயின்டெய்னர்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே நிலை எழுதியிருக்கும். சம்பளத்துக்குப் பார்க்கிறார்களா, சும்மா பார்க்கிறார்களா, ‘ஆட் ஃபிக்ஸஸ்’ அதாவது முடிந்தபோது பார்க்கிறார்களா, அநாதையா என்று.

கிட்ஹபில் உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு ஆர்கைவ் பட்டன். அது கதவைச் சாத்திப் பூட்டுவது. ‘வீடு காலி’ என்று பலகை மாட்டுவது வேறு வேலை.

ராத்திரி_டியூட்டி · சனி, காலை 9.15

தாத்தா சொல்றது சரி, ஆனா பலகை மாட்டினா ஆள் வந்துடும்னு நம்பாதீங்க. எங்க ஏரியா கதை ஒண்ணு.

நிறைய சர்வர்ல ப்ரோக்ராம்களை ஓட்டி நிர்வகிக்கற குபர்நெட்டீஸ்ல இன்கிரஸ் என்ஜின்எக்ஸ்னு ஒரு கம்போனென்ட். வெளியிலேர்ந்து வர்ற டிராஃபிக்கை உள்ள இருக்கற சர்வீஸுக்குத் திருப்பி விடும், வாசல் செக்யூரிட்டி மாதிரி. வெளிவட்டச் சாலையில எந்த ஆபீஸ் பிளாட்ஃபார்ம் டீமைக் கேட்டாலும் எங்கேயாவது ஒரு கிளஸ்டர்ல அது ஓடிட்டிருக்கும். அவ்வளவு பேர் வச்சிருக்கற அதை வருஷக்கணக்கா பார்த்துட்டிருந்தது ஒருத்தரோ ரெண்டு பேரோதான். அதுவும் ஆபீஸ் முடிஞ்ச அப்புறம், சனி ஞாயிறுல. 2024-லயே இதை மெதுவா மூடப்போறோம், பதிலுக்கு இன்கேட்னு புதுசு கட்டப்போறோம், வாங்கன்னு அறிவிச்சாங்க. யாரும் வரல. 2025 மார்ச்ல 10-க்கு 9.8 அபாய மதிப்புள்ள பாதுகாப்பு ஓட்டை ஒண்ணு வெளியில வந்தது, உலகமே ஒரு வாரம் தூங்கல. அப்பவும் வரல. 2025 நவம்பர்ல முடிவாச் சொல்லிட்டாங்க: 2026 மார்ச் வரைக்கும் முடிஞ்சதைச் செய்வோம், அதுக்கப்புறம் ரிலீஸும் இல்ல, பாதுகாப்புத் திருத்தமும் இல்ல.

அன்னிக்கு எங்க ஸ்லாக் சேனல்ல நடந்ததைச் சொல்றேன். 80 பேர் இருக்கற சேனல். முதல் மெசேஜ், “மாத்தறதுக்கு எத்தனை ஸ்ப்ரின்ட் ஆகும்?” ரெண்டாவது, “வென்டர் யாராவது சப்போர்ட் விக்கறாங்களா?” அதைப் பார்த்துக்க நம்ம ஆள் ஒருத்தரை விடலாமான்னு 80 பேர்ல ஒருத்தர் கேட்கல. நானும் கேட்கல. நான் கேட்காம விட்டதுதான் இன்னிக்கும் உறுத்துது.

அல்சூர்வாசி · சனி, 9.40

இதைப் படிச்சா எனக்கு இன்னும் பயமா இருக்கு ப்ரோ. அவங்களுக்கே கிடைக்கலன்னா பாமினிக்கு யார் வருவா.

ராத்திரி_டியூட்டி · சனி, 9.48

அவங்களுக்குக் கிடைக்காததுக்குக் காரணமே அது எல்லாருக்கும் பொது என்பதால இருக்கலாம். ஊர்க் குளத்தை யாரும் தூர்வார மாட்டான். வீட்டுக் கிணறுன்னா இறங்குவான்.

பாதுகாப்புப்_பூனை · சனி, 11.05

ஆள் வரலையேன்னு கவலைப்படறவங்க, ஆள் வந்தா என்ன ஆகும்னும் யோசிக்கணும். எக்ஸ்இஸட் கதை எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுக்கறோம். ஆனா பேச வேண்டிய பகுதியைப் பேசறதில்ல.

லாஸ்ஸே காலின் தனியா பார்த்துட்டிருந்த, ஃபைலைச் சுருக்கற கம்ப்ரஷன் லைப்ரரி அது. 2021-ல ஜியா டான்னு ஒரு பேர் சின்னச் சின்னத் திருத்தமா அனுப்ப ஆரம்பிக்குது. 2022-ல மெயிலிங் லிஸ்ட்ல யார் யாரோ வந்து நச்சரிக்கறாங்க. ஏன் ரிலீஸ் வரல, உங்களால முடியலன்னா வேற ஆள்கிட்ட கொடுங்கன்னு. அதுல ஜிகர் குமார்னு நம்ம ஊர்ப் பேர்லகூட ஒரு கணக்கு. அந்த மனுஷன் பொறுமையா பதில் எழுதறார்: எனக்கு மனநலப் பிரச்சினை இருக்கு, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை, ஜியா டானுக்குப் பொறுப்பைக் கூட்டற எண்ணமும் இருக்குன்னு. கூட்டவும் செஞ்சார். 2024 பிப்ரவரியில 5.6.0 ரிலீஸ், உள்ள பின்கதவு. மார்ச் 29-ம் தேதி அது வெளியில வந்ததுக்குக் காரணம் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட்ங்கற போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் டெவலப்பர். தூரத்து சர்வருக்குள்ள நுழையற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் தாமதமாகுதேன்னு நோண்டிப் பார்த்தார். அரை செகண்ட். நாமெல்லாம் ‘வைஃபை சரியில்ல’ன்னு விட்டிருப்போம்.

2018-ல என்பிஎம்ங்கற ஜாவாஸ்கிரிப்ட் களஞ்சியத்துல ஈவென்ட்-ஸ்ட்ரீம்ங்கற லைப்ரரியும் கிட்டத்தட்ட இதே மாதிரி. களைச்சுப்போன ஆள், ‘நான் பார்த்துக்கறேன்’னு வந்த புது ஆள், கொடுத்தாச்சு. கடைசியில ஒரு பிட்காயின் வாலட்டைக் குறிவெச்ச கோடு உள்ள புகுந்தது.

அதனால ‘நான் களைச்சுட்டேன், யாராவது வாங்க’ன்னு பலகை மாட்டறப்ப அதை நல்லவங்க மட்டும் படிக்கறதில்ல. சாவியை, அதாவது ரிலீஸ் போடற உரிமையை, கடைசியில கொடுங்க. முதல்ல இஷ்யூ பிரிக்கற வேலை, அப்புறம் ரிவ்யூ, அப்புறம் மெர்ஜ் (திருத்தத்தைச் சேர்க்கறது), ரிலீஸ் கடைசி. பைத்தான் லைப்ரரிகளை வெளியிடற பைபிஐ தளத்துல ஓனர், மெயின்டெய்னர்னு ரெண்டு பதவி இருக்கு. மெயின்டெய்னரால ரிலீஸ் ஏத்த முடியும், வேற ஆளைச் சேர்க்க முடியாது. அதுவும் எடுத்ததும் வேண்டாம்.

டெபியன்_தாத்தா · சனி, 11.30

பூனை சொல்வதில் ஒரு வரி சேர்க்கிறேன். எங்களிடம் சாவி என்பதற்கு உண்மையிலேயே சாவி என்றுதான் பொருள். நேரில் பார்த்து, அடையாள அட்டையைப் பார்த்து, ஒருவருடைய டிஜிட்டல் கீயில் இன்னொருவர் கையெழுத்துப் போடுவோம். 2023 செப்டம்பரில் எங்கள் டெப்கான்ஃப் மாநாடு கொச்சியில் நடந்தபோது சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து டேபிள்காரர் எங்களை என்ன நினைத்தாரோ. ஆள் பெங்களூரிலேயே கிடைத்தால் இதில் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அல்சூர் ஏரிக்கரையில் ஒரு காபி குடித்தால் முகம் தெரிந்துவிடும்.

மடிவாளா_வெள்ளி · சனி, மதியம் 1.20

ஒண்ணு சொல்லலாமா, யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

அந்த டிஸ்ட்யூட்டில்ஸ் புல் ரிக்வெஸ்ட் அனுப்பின ‘புண்ணியவான்’ நான்தான் அண்ணா. 14 மாசம் ஆச்சு. காலேஜ் முடிச்சு வேலை தேடிட்டிருந்தப்ப அனுப்பினது. எங்க தாத்தாவோட பழைய டைரியை அப்பா பாமினியில டைப் பண்ணி வச்சிருந்தார், அதை மாத்தறதுக்காக உங்க லைப்ரரியைத் தேடி வந்தேன். இன்ஸ்டால் ஆகல. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து புது முறையான பைப்ராஜெக்ட் ஃபைலுக்கு மாத்தி, டெஸ்ட் ஓட்டி அனுப்பினேன். ஒரு மாசம் கழிச்சு ‘பார்த்தீங்களா அண்ணா’ன்னு கமென்ட் போட்டேன். மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு. அப்புறம் வெட்கமாப் போச்சு, விட்டுட்டேன்.

2020-ல, புல் ரிக்வெஸ்ட் அனுப்பினா டி-ஷர்ட் தந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட்ல, அந்த டி-ஷர்ட்டுக்காக ரீட்மீயில ஒரு வார்த்தை சேர்த்து ஊரே அனுப்பிச்சு, இந்தியப் பசங்கன்னாலே ஸ்பேம்னு பேராயிடுச்சு. அது எனக்கும் தெரியும். ஆனா அந்தப் பேருக்கு பயந்துக்கிட்டே ஒழுங்கா வேலை செஞ்சு அனுப்பறவனும் இருக்கான். மெயின்டெய்னர் கிடைக்கலன்னு எழுதறீங்க. கிடைச்ச ஆளை 14 மாசம் வாசல்ல நிக்க வச்சிருக்கீங்க.

அல்சூர்வாசி · சனி, 1.52

தம்பி, மன்னிச்சுக்கோ. சாக்கு எதுவும் சொல்லப் போறதில்ல. நோட்டிஃபிகேஷன் 900 ஆனப்ப மொத்தத்தையும் மியூட்ல போட்டேன், அதோட உன்னோடதும் போச்சு.

இப்பத்தான் திறந்து பார்த்தேன். ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கே. நான் செஞ்சிருந்தா பழைய செட்டப் ஃபைலையும் பயந்து பயந்து வச்சிருப்பேன், நீ தைரியமா எடுத்துட்டே. ரெண்டே ரெண்டு கேள்வி அங்க கமென்ட்ல போட்டிருக்கேன். பதில் சொன்னா இன்னிக்கே மெர்ஜ்.

சில்க்போர்டு_சிக்னல் · சனி, 2.00

14 மாசம். சில்க்போர்டு ஜங்ஷன் தாண்ட ஆகற நேரம்தான், விடுப்பா.

நாலாவது_மாடி · சனி, மாலை 4.30

நான் மேனேஜர், கல்லெறியாமல் கேளுங்கள். நேரமில்லை என்பது ஒரு காரணம். இந்த ஊரில் அதைவிடப் பெரிய காரணம் ஆஃபர் லெட்டரின் ஏழாவது பக்கம். ‘பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்குச் சொந்தம்’ என்று ஒரு வரி இருக்கும். ஆபீஸ் நேரமா, வீட்டு நேரமா, யாருடைய லேப்டாப் என்று எந்த வேறுபாடும் இருக்காது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் என் டீம் பெண் ஒருத்தி ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் ஒன்றில் கமிட் உரிமை (கோடை நேரடியாக மாற்றும் அனுமதி) கேட்டு அது கிடைத்தும் விட்டது. லீகல் டீமுக்குப் போன அனுமதிக் கடிதம் ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. வந்த பதில், “இதனால் நிறுவனத்துக்கு என்ன நன்மை?” அதற்குள் அவளுக்கு ஆசையே போய்விட்டது. அந்தக் கேள்விக்கு நாங்கள் அன்று எழுதியிருக்க வேண்டிய பதில் ஒரு வரிதான்: நம் பில்லிங் சிஸ்டம் இந்த லைப்ரரியின் மேல்தான் ஓடுகிறது. எழுதியிருக்கலாம். அப்ரைசல் சீசன், எழுதவில்லை.

ஆகவே ஆள் எடுக்கும்போது முதலில் கேளுங்கள்: உங்கள் கம்பெனி எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கிறதா? இல்லாவிட்டால் நாளைக்கு அந்த கோடு யாருடையது என்ற வழக்கு உங்கள் தலையில் விழும்.

பணத்துக்கு வேண்டுமானால் வழி உண்டு. நம் ஊர் பங்கு வர்த்தக நிறுவனம் ஜெரோதா 2024 அக்டோபரில் ஓப்பன் சோர்ஸுக்கான ஃப்ளாஸ்/ஃபண்ட் அறிவித்தது. ஆண்டுக்கு 10 லட்சம் டாலர், ஒரு ப்ராஜெக்டுக்கு 10,000 முதல் 1 லட்சம் டாலர் வரை. ஃபண்டிங் என்று ஒரு ஜேசன் ஃபைலை எழுதி உங்கள் ரெப்போவிலோ தளத்திலோ வைத்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

ராத்திரி_டியூட்டி · சனி, 5.10

பணம் வந்தா ஆள் வந்துடுமா? ஓப்பன்எஸ்எஸ்எல் நினைவிருக்கா, இணையத் தொடர்பை மறையாக்கம் பண்ற லைப்ரரி. 2014 ஏப்ரல்ல ஹார்ட்பிளீட்ங்கற ஓட்டை வெளியில வர்றதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 டாலர் நன்கொடை, முழுநேரமா ஒரே ஆள். இன்டர்நெட்ல பாதி அதுமேல ஓடுது. வெடிச்ச அப்புறம்தான் பெரிய கம்பெனிகள் லினக்ஸ் ஃபவுண்டேஷன் மூலமா பணம் போட்டாங்க. அங்க பணம் போட ஏற்கெனவே வேலை தெரிஞ்ச ஆள் இருந்தாங்க. நம்மகிட்ட பாமினி தெரிஞ்ச ஆளே அல்சூர்வாசி ஒருத்தர்தானே. காசு கொடுத்தா அவர் தூக்கத்தை இன்னும் கொஞ்சம் விக்கலாம், அவ்வளவுதான்.

டிடிபி_அக்கா · சனி, இரவு 9.45

வணக்கம். நான் இங்கே படிக்க மட்டும் வருவேன், எழுதினதில்லை. சிவாஜிநகர்ல 22 வருஷமா டிடிபி கடை. பேஜ்மேக்கர் காலத்துலேர்ந்து.

பாமினி தெரிஞ்ச ஆளே ஒருத்தர்தான்னு எழுதியிருக்கீங்க. தம்பி, எனக்கு பாமினியைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அந்த ‘அம்மா’வை நான் ஆங்கிலக் குப்பையாவே படிச்சுடுவேன், எழுத்துரு வேண்டாம்.

உங்க லைப்ரரியை நாலு வருஷமா உபயோகிக்கறேன். என் அக்கா பையன் ஒரு ஸ்கிரிப்ட் போட்டுக் கொடுத்தான், அதைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் பைத்தான் பழகிக்கிட்டேன். அதுல ஒரு தொந்தரவு. ‘ஔ’ வரிசை. பாமினியில ஒற்றைக்கொம்பு, நடுவுல எழுத்து, பின்னாடி ‘ள’ மாதிரி ஒரு குறி, இதுதான் ‘கௌ’. ‘கெள’ன்னு அடிச்சாலும் அதே மூணு குறிதான். ரெண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. உங்க பழைய வெர்ஷன் ‘வெளியே’ங்கறதை எல்லாம் ‘வௌியே’ன்னு உடைச்சுக் கொடுக்கும். நெட்ல எத்தனையோ செய்தியில இன்னும் அப்படிக் கிடக்கு, பார்த்திருப்பீங்க. அப்புறம் நீங்க அதைச் சரிபண்ணிட்டீங்க: ‘ள’வுக்குப் பின்னாடி இகரக் கொம்போ புள்ளியோ வந்தா அது ‘ள’ தான்னு. சந்தோஷம்.

ஆனா பேச்சுத்தமிழ் வந்தா அடிவாங்குது. போன வருஷம் ஒரு பெரியவரோட சிறுகதைத் தொகுப்பு செஞ்சேன். கதை முழுக்க சேலம் பக்கத்துப் பேச்சு. ‘கெளம்பிட்டான்’ எல்லாம் ‘கௌம்பிட்டான்’. ‘வெளங்காதவன்’ எல்லாம் ‘வௌங்காதவன்’. கையால 300 இடத்துல திருத்தினேன். இஷ்யூவும் போட்டேன், ரொம்பக் கோபமா எழுதியிருப்பேன். ‘உங்க கன்வர்ட்டர் வௌங்காது’ன்னு தலைப்பு.

அல்சூர்வாசி · சனி, 9.58

அக்கா, அது நீங்களா!! அந்தத் தலைப்பைப் பார்த்துட்டு என் வைஃப் பத்து நிமிஷம் சிரிச்சா. அதைச் சரிபண்ண அகராதி ஒண்ணை உள்ள வைக்கணும்னு நினைச்சு, அது பெரிய வேலைன்னு பயந்துதான் தொடவே இல்ல.

டிடிபி_அக்கா · சனி, 10.20

அகராதி எதுக்கு தம்பி? 22 வருஷம் ப்ரூஃப் பார்த்த கண்ணுக்கு இது எழுத்து எழுத்தாத் தெரியும். ‘வௌ’ன்னு ஆரம்பிக்கற சொல் தமிழ்ல எத்தனை? வௌவால், வௌவுதல். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சு. அதனால ‘வ’ வந்து, ‘ள’ குறிக்குப் பின்னாடி மறுபடி ‘வ’ வந்தா மட்டும் ஔகாரம், மத்ததெல்லாம் ‘வெள’. ‘க’வுக்கு கௌரவம், கௌரி, கௌதமன், கௌசல்யா, கௌபீனம். அடுத்து ‘ம்’ வந்தா அது ‘கெளம்பு’தான். ‘ம’, ‘ச’, ‘ய’ மூணுக்கும் நேர்மாறு: மௌனம், சௌக்கியம், யௌவனம்னு கிட்டத்தட்ட எல்லாமே ஔகாரம், விட்டுடலாம். நோட்டுல எழுதி வச்சிருக்கேன், நாலு பக்கம். போட்டோ எடுத்து அனுப்பவா?

டெபியன்_தாத்தா · சனி, 10.31

அல்சூர்வாசி, உங்கள் பராமரிப்பாளர் ஒன்றரை வருஷமாக இஷ்யூ பட்டியலில் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டிடிபி_அக்கா · சனி, 10.40

ஐயா, எனக்கு கிட் எல்லாம் தெரியாது. ரிலீஸ்னா என்னன்னே தெரியாது. கல்யாண சீசன்ல தலை நிமிர முடியாது. பெரிய பேரெல்லாம் வைக்காதீங்க.

மடிவாளா_வெள்ளி · சனி, 10.44

அக்கா, கிட், பேக்கேஜிங், டெஸ்ட் எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது பாமினி. நீங்க ரூல் சொல்லுங்க, நான் கோடா எழுதறேன். சரியா வருதான்னு நீங்கதான் பார்க்கணும், என்னால முடியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் சேலம் பஸ்ல இருப்பேன், தொப்பூர் தாண்டற வரைக்கும் நெட் வராது.

பாதுகாப்புப்_பூனை · சனி, 11.02

பார்த்தீங்களா, கேட்டவிதமே தப்பு. ‘மெயின்டெய்னர்’னு ஒரே நாற்காலியைப் போட்டு, அதுல உட்கார எல்லாம் தெரிஞ்ச ஒருத்தரைத் தேடினோம். உள்ள இருக்கறது மூணு நாலு வேலை. எழுத்து தெரிஞ்சவங்க வேற, பேக்கேஜிங் தெரிஞ்சவங்க வேற, சாவி வச்சிருக்கறவங்க வேற. சாவி இன்னும் ஆறு மாசம் அல்சூர்வாசிகிட்டயே இருக்கட்டும். ரிலீஸை கிட்ஹப் வழியா பைபிஐ-யோட டிரஸ்டட் பப்ளிஷிங்ல போடுங்க, யார் லேப்டாப்லயும் டோக்கன் (ரிலீஸ் போடற பாஸ்வேர்டு மாதிரி) இருக்காது. ரெண்டு பேர் ஒப்புதல் இல்லாம போகாதபடி செட் பண்ணுங்க. நான் அரை மணி நேரம் உட்கார்ந்து செஞ்சு தரேன்.

நாலாவது_மாடி · சனி, 11.15

மடிவாளா தம்பி, ஏழாவது பக்கம்!

மடிவாளா_வெள்ளி · சனி, 11.17

நான் கான்ட்ராக்ட் ஸ்டாஃப் சார். என் லெட்டரே ரெண்டு பக்கம்தான். அதுல இந்த வரி இல்ல, இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன்.

அல்சூர்வாசி · ஞாயிறு, மதியம் 12.40

அப்டேட். காலை ஏழு மணிக்கு அல்சூர் ஏரிக்கரை, திருவள்ளுவர் சிலைக்கிட்ட நாலு பேர் கூடினோம். பூனையும் வந்திருந்தார், நிஜத்துல ரொம்ப சாது. அக்கா நோட்டைக் கொண்டுவந்தாங்க. நாலு பக்கம்னாங்க, பதினோரு பக்கம். ஓரத்துல சிவப்பு மையில பாமினிக் குறிகள், பக்கத்துல எந்தப் பத்திரிகை வேலையில எந்தச் சொல் உடைஞ்சதுன்னு வேற எழுதி வச்சிருக்காங்க. ‘சௌ’ பக்கத்துல மட்டும் எட்டு கல்யாண வீட்டுப் பேர், சௌந்தர்யா, சௌமியா எல்லாம். ஒன்பது வருஷத்துல நான் எழுதின டெஸ்ட்டை விட அந்த நோட்டுல டெஸ்ட் அதிகம். தம்பி அங்கேயே பெஞ்ச்ல லேப்டாப்பைத் திறந்துட்டான், காபி ஆறிப்போச்சு.

டிஸ்ட்யூட்டில்ஸ் திருத்தம் மெர்ஜ் ஆயிடுச்சு. அக்காவுக்கு இஷ்யூ பிரிக்கற உரிமை, தம்பிக்கு ரிவ்யூ உரிமை. ரிலீஸ் சாவி இப்போதைக்கு என்கிட்ட. ரீட்மீயில அந்தப் பழைய வரியை எடுத்துட்டு இதைப் போட்டிருக்கேன், தாத்தா பார்த்துச் சொல்லுங்க:

“இதை எழுதியவர் இனிப் புதிய வசதி எதையும் சேர்க்கப்போவதில்லை. பாமினி, டாப், டாம் விதிகளை இருவர் பார்க்கிறார்கள். திஸ்கிப் பகுதிக்கு ஆளில்லை. அதில் பிழை கண்டால் திருத்தத்தோடு வாருங்கள், இரண்டு வாரத்துக்குள் பதில் வரும். வராவிட்டால் திட்டலாம்.”

டெபியன்_தாத்தா · ஞாயிறு, 1.30

நன்றாக இருக்கிறது. ‘ஆளில்லை’ என்று ஒரு பகுதிக்காவது துணிந்து எழுதினீர்களே. ‘இரண்டு வாரம்’ என்பதை மட்டும் ‘ஒரு மாதம்’ ஆக்குங்கள், தாங்காது. திஸ்கிக்கு ஜாலஹள்ளியில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். 90-களின் மெயிலிங் லிஸ்ட் ஆசாமி. போன் எடுக்கிறாரா பார்க்கிறேன்.

சில்க்போர்டு_சிக்னல் · ஞாயிறு, 1.34

நாலு பேர் சேர்ந்தாச்சா. இனி 500டி வந்தாலும் கவலையில்ல, ஒரே ஸ்டாப்ல மட்டும் நிக்காதீங்க.

ராத்திரி_டியூட்டி · ஞாயிறு, மாலை 6.20

நாளைக்கு ஸ்டாண்டப் மீட்டிங்ல நானும் ஒண்ணு கேட்கப் போறேன். நாங்க ஓட்டற ஓப்பன் சோர்ஸ் கம்போனென்ட் எல்லாத்தையும் எழுதி, எதிர்ல யார் பார்க்கறாங்கன்னு ஒரு கட்டம் போடலாமான்னு. பாதி வரிசை காலியா இருக்கும்னு நினைக்கறேன். என்ன சொல்றாங்கன்னு வந்து எழுதறேன்.

டிடிபி_அக்கா · திங்கள், இரவு 11.30

தம்பி போட்ட ரூலை அந்தச் சிறுகதைத் தொகுப்பு மேல ஓட்டிப் பார்த்தேன். ‘கெளம்பிட்டான்’ சரி. ‘வெளங்காதவன்’ சரி. வௌவால் ரெண்டும் பத்திரம். ஆனா 61-ம் பக்கத்துல ‘கௌமாரி’ன்னு ஒரு அம்மன் பேர் வருது, அது இப்ப ‘கெளமாரி’ ஆயிடுச்சு. ‘ம’வுக்கு மேல புள்ளி இருக்கான்னு பார்க்காம விட்டுட்டான்னு நினைக்கறேன். இஷ்யூ போட்டிருக்கேன். தலைப்பு இந்த முறை மரியாதையாத்தான் வச்சிருக்கேன்.